குளிர் நாட்டுக் குடித்தனம்: மரத்தளத்தின் மேல் சூட்டுத் தரை



லண்டனில் ஹாரோ பக்கம் குடியிருக்கும் ஒரு சகோதரி இப்படி எழுதியிருக்கிறார்: "அக்கா, எங்களுடையது பழைய வீடு. மாடிக் குளியலறைக்குப் புதுசாக டைல்ஸ் போட்டு, அடியில் சூடு தருகிற மின்கம்பி வைக்கலாமென்று இருக்கிறோம். ஐப்பசியில் ஊரிலிருந்து மாமியார் வருகிறார். அவருக்குச் சர்க்கரை உண்டு, முழங்கால் வலியும் உண்டு. காலையில் அந்தச் சில்லென்ற தரையில் கால் வைக்க வேண்டாமே என்றுதான் இந்த ஏற்பாடு. டைல்ஸ்காரர், 'இருக்கிற பலகை மேலேயே கம்பியை விரிச்சு ஒட்டிடலாம்மா, ரெண்டே நாள் வேலை' என்கிறார். நடந்தால் கிறீச்சென்று சத்தம் போடுகிற தரை அது. சீட்டுப் பணம் எடுத்துச் செய்கிற வேலை என்பதால் எனக்கு மனசு கேட்கவில்லை. என் வீட்டுக்காரரோ, 'அவருக்குத் தெரியாததா? நீ பேசாம இரு' என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

பேசாமல் இருக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். சுவருக்கு அடித்த சாயம் பிடிக்கவில்லையென்றால் அடுத்த வருஷம் மாற்றி அடித்துக் கொள்ளலாம். தரை வேலை அப்படியல்ல. டைல்ஸ் ஒட்டி மூடிய பிறகு அடியில் என்ன நடந்தது என்று பார்க்கவே முடியாது. பார்க்க வேண்டுமென்றால் உடைக்க வேண்டும். ஆகையால் கேட்க வேண்டியதை மூடுவதற்கு முன்னால் கேட்டு விடுவதுதான் புத்திசாலித்தனம். வேலை நடக்கிற நாட்களில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் நாம்தானே!

தரையைச் சூடாக்குவது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. சுமார் ஆயிரத்தெழுநூறு வருஷங்களுக்கு முன்பே ரோமானியர்கள் இந்தப் பிரிட்டனில் அதைச் செய்திருக்கிறார்கள். கிளாஸ்டர்ஷயரில் செட்வொர்த் என்ற இடத்தில் அவர்கள் வாழ்ந்த மாளிகையின் மிச்சத்தை இன்றைக்கும் பார்க்கலாம். சின்னச் சின்னத் தூண்களின் மேல் தரையைத் தூக்கி நிறுத்தி, அடியில் அடுப்பின் சூட்டுக் காற்றை ஓட விட்டார்கள். அந்தத் தரை கல்லும் சுண்ணாம்பும் கலந்து போட்ட கெட்டித் தரை. நம் சகோதரி வீட்டுத் தரையோ மரம். சங்கடமெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மரத்தளம் என்றால் என்ன?

ஊரில் பழைய மச்சு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சுவரிலிருந்து சுவருக்கு வரிசையாக மரக் கட்டைகள் போட்டு, அவற்றின் மேல் பலகை அடித்திருப்பார்கள். மச்சில் பிள்ளைகள் ஓடினால் கீழே இருப்பவர் தலையில் தூசி கொட்டும்! இங்கே விக்டோரியா ராணி காலத்து வீடுகளிலும், 1930-களில் கட்டிய வீடுகளிலும் மாடித் தரை அப்படித்தான். பல வீடுகளில் கீழ்த்தளமும் அப்படித்தான். அந்தக் கட்டைக்கு இங்கே ஜாயிஸ்ட் என்று பெயர். சுமார் 400 மில்லி மீட்டருக்கு, அதாவது பதினாறு அங்குலத்துக்கு ஒன்று வீதம் இருக்கும்.

மரம் உயிரோடு இருப்பது போலத்தான். மழைக் காலத்தில் ஈரம் குடித்து உப்பும். ஹீட்டர் போட்டதும் காய்ந்து சுருங்கும். நடந்தால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். டைல்ஸுக்கு இந்தக் குணம் ஒன்றுகூடக் கிடையாது. வளையச் சொன்னால் உடையும். இந்த இரண்டையும் நேராக ஒட்டி, அடியில் தினமும் சூடேற்றி ஆற்றினால் என்ன ஆகும்? மரம் ஒரு பக்கம் இழுக்கும், டைல்ஸ் நகர மறுக்கும், நடுவிலிருக்கும் பசைதான் பாடு படும்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இப்படித்தான் நடந்தது. சமையலறையில் பழைய பலகை மேலேயே கம்பி விரித்து, பெரிய பெரிய டைல்ஸாக ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனார் ஒருவர். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. முதல் குளிர்காலம் முடிவதற்குள் டைல்ஸ் இடுக்கில் பூசியிருந்த கலவை தூள் தூளாக வந்தது. அப்புறம் மயிரிழை போல விரிசல், அதுவும் அடியிலிருந்த பலகைகளின் இணைப்பு எங்கெங்கே இருந்ததோ அங்கெல்லாம் கோடு போட்ட மாதிரி. தட்டினால் வெற்றுப் பானை போல 'டொக் டொக்' என்றது. பெயர்க்கும்போது கம்பியும் அறுந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார்கள். அந்த வீட்டுப் பெண் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போக வைத்திருந்த பணம் தரையோடு போயிற்று.

முதலில் அடிப்படை

டைல்ஸ் கடைக்குப் போவதற்கு முன் தரையைக் கவனியுங்கள். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரை நடுத் தரையில் வைத்து, பக்கத்தில் ஒருவரைக் கொஞ்சம் அழுத்தி நடக்கச் சொல்லுங்கள். தண்ணீர் நன்றாகத் தளும்பினால் தரை ஆடுகிறது என்று அர்த்தம். இது வீட்டுச் சோதனைதான். ஆனாலும் வேலைக்காரரிடம் பேச்சை ஆரம்பிக்க இது போதும். ஆடுகிற தரையில் கட்டைகளுக்கு நடுவே குறுக்குத் துண்டுகள் வைத்து இறுக்க வேண்டும். உளுத்த கட்டையை மாற்ற வேண்டும். பழைய பலகை நெளிந்திருந்தால் எடுத்துவிட்டு, 18 அல்லது 22 மில்லி மீட்டர் கனமான பிளைவுட் போட்டு, ஆணிக்குப் பதில் திருகாணி முடுக்குவது நல்லது. கிறீச் சத்தம் நின்ற பிறகுதான் அடுத்த வேலை.

எடையையும் யோசிக்க வேண்டும். 10 மில்லி மீட்டர் கனமுள்ள போர்சலின் டைல்ஸ் ஒரு சதுர மீட்டருக்கு இருபது கிலோவுக்கு மேல் வரும். பசையும் அடிப் பலகையும் தனி. மார்பிள் போன்ற கல்லும், மிகப் பெரிய டைல்ஸும் இன்னும் உறுதியான தரையைக் கேட்கும். கட்டைகள் தாங்குமா என்று சந்தேகம் வந்தால் கட்டடம் தெரிந்த ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

கீழ்த்தளத்தில் மரத்தளம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிச்சுவரின் அடியில் ஓட்டை ஓட்டையாகக் காற்றுச் செங்கல் இருக்கும். குளிர் காற்று வருகிறதே என்று சிலர் அதில் பழந்துணி அடைத்து விடுகிறார்கள். ஐயோ, வேண்டாம்! அந்தக் காற்றுதான் கட்டைகளை ஈரமில்லாமல் காக்கிறது. அடைத்தால் கட்டை மக்கிப் போகும். குளிரைத் தடுக்க, கட்டைகளுக்கு இடையே வெப்பக் காப்புப் பஞ்சோ அட்டையோ வைக்கச் சொல்லுங்கள். அதற்கும் கீழே காற்று ஓடட்டும்.

கம்பியா, குழாயா?

சூட்டுத் தரை இரண்டு வகை. ஒன்று, மெல்லிய மின்கம்பியைப் பாய் போன்ற வலையில் கோர்த்து விரிப்பது. குளியலறை போன்ற சின்ன இடத்துக்கு இது ஏற்றது. மற்றது, குழாயில் வெந்நீர் ஓட விடுவது. பெரிய கூடத்துக்கும் சமையலறைக்கும் ஏற்றது, நடத்துகிற செலவும் குறைவு. ஆனால் போடுகிற வேலை பெரியது.

மரத்தளத்தில் குழாய் என்றால் கட்டைகளுக்கு நடுவே அலுமினியத் தகடு பதித்து, அதில் குழாயை ஓட்டுவார்கள். தகடு சூட்டைப் பரப்பிக் கொடுக்கும். ஒரு கட்டையிலிருந்து அடுத்த இடைவெளிக்குக் குழாய் தாண்டும்போது கட்டையை வெட்டுவார்கள். கண்ட இடத்தில் வெட்ட விடாதீர்கள். இங்கே வழக்கமான கணக்கு இது: கட்டையின் மேல் விளிம்பில் வெட்டும் பள்ளம் அதன் உயரத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. எட்டு அங்குலக் கட்டை என்றால் ஒரு அங்குலம்தான். அதுவும் நடுவில் கூடாது. நாலு மீட்டர் நீளக் கட்டையானால், சுவரிலிருந்து 28 சென்டி மீட்டருக்கும் ஒரு மீட்டருக்கும் இடையில் மட்டும் வெட்டலாம். நடுவில் வெட்டிய கட்டை நம் பாரத்தைத் தாங்குமா, சொல்லுங்கள்!

நம் சகோதரிக்கு வேண்டியது சின்னக் குளியலறைதான். கம்பியே போதும்.

அடுக்கு அடுக்காக

திடமான பலகை மேல் முதலில் வருவது வெப்பக் காப்புப் பலகை. நடுவே நுரை போன்ற பொருளும் இரு பக்கமும் சிமெண்ட் பூச்சும் கொண்ட 6 அல்லது 10 மில்லி மீட்டர் அட்டை இது. பசை தடவி ஒட்டி, வட்டத் தகடு வைத்துத் திருகாணி முடுக்குவார்கள். இது இரண்டு வேலை செய்கிறது. சூடு கீழே இறங்காமல் தடுக்கிறது. மரத்துக்கும் டைல்ஸுக்கும் நடுவே நின்று மரத்தின் அசைவை டைல்ஸுக்குப் போக விடாமல் காக்கிறது. 'இது வீண் செலவு' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது இல்லாவிட்டால் சூட்டில் ஒரு பங்கு வீணாகக் கீழ் அறையின் கூரைக்குப் போகும்.

அதன் மேல் கம்பி வலை. தொட்டி, அலமாரி, கழிப்பறைப் பீங்கான் இவற்றின் அடியில் கம்பி போகக் கூடாது. அங்கே சூடு வெளியே வர வழியின்றி அடைபட்டு, கம்பி கெட்டுப் போகும். ஒரு கம்பி இன்னொன்றின் மேல் படியக் கூடாது. நீளம் மிஞ்சியது என்று சூடு தரும் கம்பியை வெட்டவே கூடாது. வலையை வெட்டித் திருப்பலாம், கம்பியை அல்ல. தரைச் சூட்டை அளக்கும் உணர்வியை ஒரு சின்னக் குழலுக்குள் விட்டு, இரண்டு கம்பிகளுக்கு நடுவே வைக்க வேண்டும். குழலுக்குள் இருந்தால் நாளைக்கு அது பழுதானாலும் டைல்ஸை உடைக்காமல் உருவி மாற்றலாம்.

பிறகு, தானே மட்டமாகப் பரவும் கலவையை ஊற்றிக் கம்பியை மூடுவார்கள். மரத்தளத்துக்கென்றே வளைந்து கொடுக்கும் வகை இருக்கிறது. பையில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். குளியலறையில் நீர் புகாத பூச்சும் அவசியம், முக்கியமாக ஷவர் பக்கம். ஒழுகிய தண்ணீர் மரத்தில் இறங்கினால் பூஞ்சைதான்.

டைல்ஸ் பசையிலும் வகை உண்டு. பையின் மேல் 'எஸ் 1' அல்லது 'எஸ் 2' என்று அச்சடித்திருக்கும். இரண்டும் வளைந்து கொடுக்கும் பசைதான், 'எஸ் 2' அதிகம் வளையும். இந்த அடையாளம் எதுவும் இல்லாத சாதாரணப் பசை மரத்தளத்துக்கு உதவாது. பசையைப் பல் வைத்த கரணையால் தரை முழுக்க இழுத்து விட வேண்டும். நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து அமுக்குவது கூடாது. உருண்டைகளுக்கு நடுவே காற்று நின்றால் சூடும் ஏறாது, டைல்ஸும் நிற்காது. முதலில் ஒட்டிய டைல் ஒன்றை உடனே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அடிப்பக்கம் முழுக்கப் பசை பிடித்திருக்க வேண்டும். நல்ல வேலைக்காரர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

சுவரோரம் சுற்றிலும் கொஞ்சம் இடைவெளி விட்டு, சிமெண்டுக்குப் பதில் சிலிக்கோன் வைக்க வேண்டும். தரை சூட்டில் விரியும்போது தள்ளிக்கொள்ள அந்த இடம் வேண்டும்.

எல்லாம் சேர்ந்து தரை சுமார் ஒரு அங்குலம் உயரும். கதவின் அடியை இழைக்க வேண்டியிருக்கும். வாசலில் படி போல நிற்காமல் சரிவான பட்டை வைக்கச் சொல்லுங்கள். வயதானவர்கள் தடுக்கி விழுவது இந்த மாதிரி அரை அங்குல மேட்டில்தான்.

மின்சாரம் விளையாட்டல்ல

கம்பியை மல்டி மீட்டர் வைத்து மூன்று தடவை அளக்க வேண்டும்: பெட்டியைப் பிரித்ததும், விரித்து முடித்ததும், டைல்ஸ் ஒட்டிய பிறகும். மூன்று தடவையும் வருகிற எண், கையேட்டில் போட்டிருக்கிற எண்ணோடு ஒத்துப் போக வேண்டும். அதை ஒரு தாளில் எழுதி வாங்கி வையுங்கள். இரும்புக் கரணையின் விளிம்பு பட்டுக் கம்பி கீறிப் போவது சகஜம். உடனே தெரிந்தால் சரி செய்யலாம், மூடிய பிறகு தெரிந்தால் என்ன செய்வது?

இங்கிலாந்தில் வீட்டு மின்வேலைக்கென்று 2005 முதல் தனிக் கட்டட விதியே இருக்கிறது. டைல்ஸ்காரர் கம்பியை விரிக்கலாம். மின் இணைப்பைப் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன்தான் கொடுக்க வேண்டும், சான்றிதழும் தர வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. என்ற பாதுகாப்புக் கருவி அவசியம். கசிவு இருந்தால் கண் மூடித் திறப்பதற்குள் மின்சாரத்தை நிறுத்தி விடும். தெர்மோஸ்டாட்டைக் குளியலறைக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள். ஈரக் கையோடு தொடுகிற இடத்தில் வேண்டாம்.

கல்சட்டியைப் பழக்குவது போல

வேலை முடிந்த அன்றைக்கே 'போட்டுப் பார்ப்போமே' என்று ஆசை வரும். பொறுங்கள்! புதுக் கல்சட்டியை வாங்கி வந்த அன்றே அடுப்பில் ஏற்றுவோமா? எண்ணெய் தடவி, கஞ்சி ஊற்றி, நாள் கணக்கில் பழக்கித்தானே ஏற்றுவோம்? இல்லாவிட்டால் விரிசல் விடும். இதுவும் அப்படியே. பசையும் கலவையும் தாமாகக் காய ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். பையில் போட்டிருக்கிற நாள் கணக்கே சரி. பிறகும் ஒரேயடியாக ஏற்றாமல் தினம் இரண்டு மூன்று டிகிரியாகக் கூட்ட வேண்டும். ஐப்பசியில் மாமியார் வருகிறார் என்றால் புரட்டாசி பிறப்பதற்குள் வேலை முடிந்திருக்க வேண்டும், பார்த்துக் கொள்ளுங்கள்.

எவ்வளவு சூடு, எவ்வளவு செலவு?

தரைச் சூடு 27 முதல் 29 டிகிரி போதும். தொட்டால் சுடக் கூடாது, குளிர் தெரியாமல் இருந்தால் சரி. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். சூடு அதிகமானாலும் அவர்களுக்குத் தெரியாது. சகோதரியே, உங்கள் மாமியாருக்குச் சர்க்கரை இருப்பதால் தெர்மோஸ்டாட்டின் உச்ச அளவை 27-லேயே பூட்டி வைத்துவிடுங்கள். அவர் வருவதற்கு முன் நீங்களே வெறும் காலோடு நின்று பாருங்கள். தவழும் குழந்தை இருந்தாலும் இதே விதிதான். இன்னொன்று, முழங்கால் வலியை இந்தத் தரை தீர்க்காது, அதற்கு டாக்டரிடம்தான் போக வேண்டும். காலையில் கால் வைக்கிற நேரத்துக் குளிரை மட்டும் இது போக்கும். வழுக்காத சொரசொரப்பு டைல்ஸாக வாங்குங்கள். சின்ன டைல்ஸானால் இடுக்குகள் அதிகம், காலுக்குப் பிடிப்பும் அதிகம்.

கனமான ரப்பர் விரிப்பு, அழுக்குத் துணிக் குவியல், குழந்தையின் மெத்தை இவற்றைச் சூட்டுத் தரையில் நாள் முழுக்கப் போட்டு வைக்காதீர்கள். அடியில் சூடு தேங்கும்.

செலவுக் கணக்கு சுலபம். தொட்டி, பீங்கான் போக மூன்று சதுர மீட்டர் காலியிடம் என்று வையுங்கள். சதுர மீட்டருக்கு 150 வாட் வீதம் 450 வாட். காலையில் ஒரு மணி, இரவில் ஒரு மணி எரிந்தால் ஒரு யூனிட்டுக்கும் குறைவு. உங்கள் பில்லில் இருக்கிற யூனிட் விலையைப் பெருக்கிப் பார்த்துக் கொள்ளுங்கள். நேரம் குறித்து வைக்கும் தெர்மோஸ்டாட்டாக இருந்தால் அணைக்க மறந்தோமே என்ற கவலையும் இல்லை.

இந்தக் கேள்விகளை எழுதி வையுங்கள்

1. கட்டைகளும் பலகையும் உறுதிதானா? ஆட்டம் எப்படி நிற்கும்?
2. வெப்பக் காப்புப் பலகை எத்தனை மில்லி மீட்டர்?
3. பசை 'எஸ் 1' அல்லது 'எஸ் 2' தானா? கலவை மரத்தளத்துக்கானதா?
4. கம்பியை மூன்று தடவை அளந்து எழுதித் தருவீர்களா?
5. உணர்வி குழலுக்குள் போகிறதா?
6. மின் இணைப்பு யார் கொடுக்கிறார்? சான்றிதழ் உண்டா?
7. எத்தனை நாள் கழித்துச் சூடு போடலாம்?

மூடுவதற்கு முன் கம்பி விரித்த தரையை ஒரு படம் எடுத்து வையுங்கள். பின்னால் கதவுத் தடுப்புக்கோ வேறு எதற்கோ தரையில் துளை போட வேண்டி வந்தால் அந்தப் படம் பொன் பெறும்.

ஹாரோ சகோதரியே, இந்தத் தாளை முதலில் உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். சண்டையாக வேண்டாம். சாப்பிட்டு முடித்து நிதானமாக இருக்கும்போது, "சீட்டுப் பணம் இரண்டு தடவை விழாது, ஒரு தடவையே சரியா செஞ்சுடலாங்க" என்று சொல்லுங்கள். அப்புறம் டைல்ஸ்காரரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொன்னால் அவரையே வைத்துக் கொள்ளலாம். 'இதெல்லாம் உங்களுக்கு எதுக்கம்மா?' என்று கேட்டால், வேறு ஆளைப் பாருங்கள். இரண்டு நாள் வேலை ஒரு வாரமானால் ஆகட்டும். வீட்டில் வேறு தொட்டி இல்லையென்றால் அந்த ஒரு வாரம் சிநேகிதி வீட்டில் குளித்துக் கொள்ளலாம்!

அடுத்த இதழில், குளிர்காலத்தில் ஜன்னலோரச் சுவரில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக் கொள்வது எப்படி என்று எழுதுகிறேன்.